வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்?

கேள்வி: எங்கள் ஊர் குமாரபாளையம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் தெருவில் தறிகளைக் கழற்றி எடைக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் போவதற்குள் அப்பாவும் அவரோடு வேலை செய்பவர்களும் பேசுவதைப் பதிவு செய்து ஒரு சின்ன ஆவணப்படமாக எடுத்துவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். படம் நன்றாக வருகிறது. பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது.

முதலில் மொபைலிலேயே எடுத்தேன். தறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. பிறகு சட்டையில் மாட்டும் வயர்லெஸ் காலர் மைக் வாங்கினேன். அதிலிருக்கும் ‘நாய்ஸ் கேன்சல்’ பட்டனை அழுத்தினால் சத்தம் குறைகிறது, ஆனால் அப்பா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. பாதிச் சொற்கள் காணாமல் போகின்றன. ஒரு நண்பர் ஷாட்கன் மைக் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், இரண்டு மைக் வைத்து, ஒன்றில் பேச்சும் சத்தமும், மற்றதில் சத்தம் மட்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் கழித்துவிடலாம் என்கிறார். தொண்டையில் கட்டும் மைக் ஒன்று ராணுவத்தில் உண்டாமே, அது உதவுமா?

வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தால் அப்பா இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறார். தறிப் பக்கத்தில் நின்றால்தான் பேச்சு வருகிறது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் கேள்வியையும் இரண்டு தடவை கத்த வேண்டியிருக்கிறது. கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எந்த மைக் வாங்கட்டும்?

— வாசகி, குமாரபாளையம்

பதில்: “தறிப் பக்கத்தில் நின்றால்தான் பேச்சு வருகிறது” என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் என் பதில் ஒரே வரியில் முடிந்திருக்கும்: வெளியே கூட்டி வந்து பேசவிடுங்கள். ஆனால் கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும் மனிதர்கள் உண்டு. சினிமாவுக்கும் ஆவணப்படங்களுக்கும் ஒலிப்பதிவு செய்து அலைந்ததில் அப்படிப்பட்டவர்களைப் பட்டறைகளிலும் படகுத் துறைகளிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்தால் பேட்டி கிடைக்கும், பேச்சு கிடைக்காது. ஆகவே சத்தத்துக்குள்ளேயே எடுக்கும் வழியைப் பார்ப்போம். ஆனால் எதை அங்கே எடுக்க வேண்டும், எதை அங்கே எடுக்க வேண்டியதில்லை என்பதைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எந்த மைக் என்று கேட்கிறீர்கள். கடைக்காரரும் அதையேதான் பேசுவார். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, மைக் வாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கப்போகிறது என்பது. சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் நண்பர்களின் யோசனைகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

நாடா ஓடும் தறிகள் வரிசையாக இயங்கும் கூடத்தில் சத்தம் 95 முதல் 100 டெசிபல் வரை இருப்பது வழக்கம். உங்கள் பட்டறையை 98 என்று வைத்துக்கொள்வோம். அமைதியான அறையில் இருவர் பேசிக்கொள்ளும் குரல் ஒரு மீட்டர் தள்ளி ஏறத்தாழ 60 டெசிபல். தறி ஓடும்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை, கத்துவார்கள். அப்பாவின் குரலை 80 என்று வைப்போம். மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதற்குள் பேச்சு 80 ஆகவும் சத்தம் 98 ஆகவும் போகிறது. பேச்சு 18 டெசிபல் கீழே கிடக்கிறது. மொபைலில் உங்களுக்குக் கிடைத்தது இதுதான்.

இனி மைக்கை நெருக்கிக்கொண்டே வாருங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் ஏறும். தறிச் சத்தமோ ஏறாது, இறங்காது. நாலாபக்கமும் தறி, மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ, கீழே சிமெண்டுத் தரை. எங்கே போய் நின்றாலும் கிட்டத்தட்ட அதே 98தான். நமக்குக் கிடைத்திருக்கும் பிடி இது ஒன்றுதான். காலர் மைக் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும். குரல் 14 டெசிபல் ஏறி 94 ஆகிறது. இன்னும் 4 டெசிபல் பற்றவில்லை. அதையே உதட்டோரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் குரல் சுமார் 30 டெசிபல் ஏறி 110 ஆகிவிடுகிறது. சத்தத்தைவிடப் பேச்சு 12 டெசிபல் மேலே வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து உதட்டுக்கு ஒரு சாண் தூரம்தான், ஆனால் 16 டெசிபல் லாபம். இந்த லாபத்தைத் தரும் மென்பொருளோ விலை உயர்ந்த மைக்கோ நான் பார்த்ததில்லை.

புதிதாகக் கேட்பவர் சிரமப்படாமல் எல்லாச் சொல்லையும் பிடிக்க, பேச்சு சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருந்தால் நல்லது. 12 வரை வந்தாயிற்று. மிச்சத்தைத் தருவது மைக்கின் வகை.

கிரிக்கெட், கால்பந்து வர்ணனையாளர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவதைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூச்சலிடும்போது ஒருவர் குரலை மட்டும் வானொலிக்கு எப்படி அனுப்புவது என்று யோசித்து, 1930களிலேயே பிபிசியின் பொறியாளர்கள் உருவாக்கிய உதட்டு மைக் அது. பிற்காலத்தில் வந்த கோல்ஸ் 4104 அந்த வம்சம்தான். அதன் மேலே ஒரு சிறு தண்டு இருக்கும். அதை மேலுதட்டில் ஒட்டி வைத்தால்தான் பிடித்த மாதிரி. அப்படி வைத்தால் வாய்க்கும் உள்ளிருக்கும் ரிப்பன் சவ்வுக்கும் எப்போதும் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. வர்ணனையாளர் எவ்வளவு பரபரத்தாலும் அது மாறாது. தூரத்தை மனிதரின் ஒழுங்குக்கு விடாமல் கருவியிலேயே பூட்டிவைத்த புத்திசாலித்தனம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

அதன் உள்வேலை இப்படி. சாதாரண மைக்கில் சவ்வின் ஒரு பக்கம் மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கும். இதில் முன்னும் பின்னும் இரண்டும் திறந்திருக்கும். உதட்டிலிருந்து வரும் ஒலி முன்பக்கத்தைப் பலமாகத் தாக்கும். ஓரிரு சென்டிமீட்டர் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் வெகுவாக இளைத்துவிடும். அந்த வித்தியாசம்தான் மின்சாரமாகிறது. ஐந்து மீட்டர் தள்ளி ஓடும் தறிக்கோ அந்த ஓரிரு சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. இரு பக்கமும் ஒரே அளவில் தள்ளுகிறது, சவ்வு அசையாமல் நிற்கிறது. மோட்டார் உறுமல், தரை அதிர்வு போன்ற கனத்த ஒலிகளில் இந்தக் கழித்தல் பிரமாதமாக நடக்கும். சுருதி ஏற ஏறப் பலன் குறையும். அதனால் நாடா பெட்டியில் மோதும் ‘டக் டக்’கின் கூர்மையான பகுதி கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும். தறி ஓடுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

ஹெலிகாப்டர் ஓட்டுநரின் தலையில் இருக்கும் மைக்கிலும், மேடையில் ஆடிக்கொண்டே பாடுகிறவர் கன்னத்தில் வளைந்து வரும் ஹெட்செட் மைக்கிலும் இருப்பது இதே தத்துவம்தான். உங்களுக்கு நான் சொல்வதும் அந்த ஹெட்செட் மைக்தான். நீங்கள் வாங்கிய வயர்லெஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். சட்டையில் மாட்டும் அந்த டப்பாவில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதில் செருகக்கூடிய, ஒரு திசையில் மட்டும் கேட்கும் ஹெட்செட் மைக் ஒன்று வாங்கினால் போதும். உங்கள் பத்தாயிரத்தில் பெரும்பகுதி மிச்சம். வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். செருகும் முனையில் கறுப்பு வளையம் இரண்டா மூன்றா என்று பாருங்கள். மொபைலுக்கான மைக்கில் மூன்று இருக்கும், வயர்லெஸ் டப்பாக்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் எதிர்பார்க்கும். மாறினால் ஒலியே வராது, அல்லது இரைச்சல் மட்டும் வரும். அடுத்தது, அது தாங்கும் உச்ச ஒலி அளவு. நம் கணக்கில் பேச்சின் சராசரியே 110. வல்லினத்தில் அடித்துச் சொல்லும் சொற்கள் அதற்கு மேலும் பத்துப் பதினைந்து துள்ளும். அட்டையில் 130 டெசிபல் அல்லது மேலே என்று போட்டிருந்தால் நிம்மதி. எதுவும் போடாத மலிவு மைக்குகளைக் கடையிலேயே உதட்டருகே வைத்துக் கத்திப் பதிவு செய்து, குரல் உடைகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

அப்பா தலையில் எதையும் மாட்டமாட்டேன் என்றால், கோயில் திருவிழாவில் பாடகர் பிடிக்கும் டைனமிக் மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூர் எஸ்எம்58 என்றால் உலகம் முழுக்கத் தெரியும்; அஹுஜாவில் சில ஆயிரத்துக்குள்ளேயே கிடைக்கும். இவ்வகை மைக் எவ்வளவு கத்தினாலும் லேசில் உடையாது. கம்பி வலையில் உதடு படும்படி பிடிக்க வேண்டும். மொபைலில் நேரடியாகச் செருக முடியாது, எக்ஸ்எல்ஆர் துளை உள்ள சிறு ரெக்கார்டர் வேண்டும். ஊரில் மேளக் கச்சேரிக்கு சவுண்டு கட்டுபவரிடம் ஒரு நாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: வலைக்குக் கீழே உள்ள பகுதியைக் கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. பின்பக்கத் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை அடைத்தால், சத்தத்தைக் கழிக்கும் வேலை நின்று, நாலாபக்கமும் கேட்கும் மைக்காக மாறிவிடும். ஹெட்செட் மைக்கிலும் அப்படித்தான். கழன்று விழாமல் இருக்க டேப் சுற்றுகிறேன் என்று பின் துளையை ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு.

மைக் நுனியை வாய்க்கு நேரே வைக்க வேண்டாம், ‘ப’ வரும்போதெல்லாம் காற்று குத்தும். உதடு முடியும் ஓரத்தில், ஒரு விரல்கடை இடைவெளியில், கன்னத்தோடு இருக்கட்டும். நுரை உறை கட்டாயம், பஞ்சுத் தூசி பறக்கும் இடம் என்பதால் இன்னும் கட்டாயம். நெருக்கத்தில் எல்லாக் குரலும் கனத்துத் தடித்துக் கேட்கும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் சரியாகிவிடும். கத்தும் குரல் அதற்கு மேலேதான் நிற்கும், எதுவும் இழப்பில்லை.

நாய்ஸ் கேன்சல் பட்டனை அணைத்துவிடுங்கள். ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அதையும். அப்பா மூச்சு வாங்கும் இடைவெளியில் அது சத்தத்தை ஏற்றிவிடும், மறுபடி பேசும்போது முதல் அசையை விழுங்கிவிடும். கெயினைக் கையால் குறைத்து, மிக உரக்கக் கத்தும் இடத்திலும் மீட்டர் -12ஐத் தாண்டாதபடி வையுங்கள். இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று விளம்பரம் செய்யும் கருவிகள் வந்திருக்கின்றன, அதில் கெயினே வைக்க வேண்டாம் என்பார்கள். நல்ல வசதிதான். ஆனால் மைக்கிலேயே உடைந்த குரலை அது ஒட்டவைக்காது, சத்தத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு டெசிபல்கூட மாற்றாது.

இனி நண்பர்களின் யோசனைகள். ஷாட்கன் மைக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். திறந்த வெளியில், ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் இருக்கும்போது அது நல்ல கருவி. சத்தம் நாலாபக்கமும் சுவரிலும் கூரையிலும் பட்டு வரும் இடத்தில் அதன் திசைக்கூர்மை ஏழெட்டு டெசிபலுக்கு மேல் மிச்சம் பிடித்துத் தராது. கேமராச் சட்டகத்துக்கு வெளியே 60 சென்டிமீட்டரில் பிடித்தால் குரல் 84, குறைந்த சத்தம் 91. உங்கள் காலர் மைக்கைவிட மோசம், விலை மட்டும் பல மடங்கு.

இரண்டு மைக் வைத்துக் கழிப்பது சொல்லும்போது நியாயமாகத்தான் படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் சகாக்களும் 1975இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்தக் கழித்தலை முறைப்படி நிறுவியது. விமானி அறை போன்ற இடங்களுக்கு அது பொருந்தும் என்று காட்டியது. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டாவது மைக் கேட்கும் சத்தமும் முதல் மைக் கேட்கும் சத்தமும் ஒன்றோடொன்று இணைபிரியாத உறவுள்ளவையாக இருக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து மட்டும் இரைச்சல் வந்தால் அந்த உறவு இருக்கும். உங்கள் கூடத்தில் ஒவ்வொரு தறியும் தனித்தனித் தாளத்தில், ஒவ்வொன்றும் கூரையில் பட்டுத் திரும்பி வருகிறது. இரண்டு மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தாலே, பேச்சுக்கு முக்கியமான அலைவரிசைகளில் இரண்டும் கேட்பது வேறுவேறு சத்தம். கழிக்கப்போனால் சத்தம் கூடவும் செய்யும். சவ்வின் இரு பக்கத்தையும் ஓரிரு சென்டிமீட்டருக்குள் வைத்துக் கழிக்கும் உதட்டு மைக், உண்மையில் உங்கள் நண்பர் சொன்னதைத்தான் செய்கிறது.

தொண்டை மைக் உண்டு. இரண்டாம் உலகப் போரில் டாங்கி, விமானப் படையினர் பயன்படுத்தினார்கள். குரல்வளையின் அதிர்வைத் தோல் வழியே எடுப்பதால் சத்தம் ஏறக்குறைய இராது. ஆனால் ‘ச’வும் ‘த’வும் ‘ட’வும் பிறப்பது தொண்டையில் அல்ல, நாக்கிலும் பல்லிலும். அதெல்லாம் மழுங்கிப்போய் உயிரொலிகள் மட்டும் முனகலாக வரும். பழகிய சங்கேதச் சொற்களை அனுப்பப் போதும். உங்கள் அப்பாவின் கொங்குப் பேச்சு அதில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மென்பொருளைப் பற்றி. சத்தத்தின் சாயலைத் தெரிந்துகொண்டு பதிவிலிருந்து அதைக் கழிக்கும் முறையை ஸ்டீவன் போல் என்பவர் 1979இல் வெளியிட்டார். ‘கிணுகிணு’ என்று மிச்சம் ஒலிக்கும் அதன் வியாதி பெயர்பெற்றது. 2018 வாக்கில் ஆர்என்நாய்ஸ் மாதிரி நரம்பு வலைப்பின்னல் நிரல்கள் இலவசமாகவே வந்தன, இன்றைய செயலிகள் அதையும் தாண்டிவிட்டன. நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பேச்சு சத்தத்துக்கு மேலே இருந்தால்தான் அவற்றுக்குப் பிடி கிடைக்கும். கீழே புதைந்துபோன பேச்சில், இருப்பதை வெட்டிவிடும். புதிய வகைச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாத மெய்யெழுத்தைத் தாமாகவே போட்டுவிடும். கேட்கச் சுத்தமாக இருக்கும், அப்பா சொன்னது அதுவாக இருக்காது. தறித் தொழிலின் சொற்களெல்லாம் — பாவு, ஊடை, விழுது, தார்க்குச்சி — அந்தச் செயலிகளுக்குப் பழக்கமில்லாதவை. அங்கேதான் முதலில் கைவைக்கும். ஆகவே உதட்டோர மைக்கில் எடுத்த பதிவில் ஆறு முதல் பத்து டெசிபல் மட்டும் குறைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். கை வைக்காத மூலப் பதிவைத் தனியே இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள்.

பேச்சு புரிகிறதா என்று நீங்களே சோதிக்காதீர்கள். பிறந்ததிலிருந்து கேட்கும் குரல், என்ன சொன்னார் என்பதும் தெரியும். உங்கள் காது விட்ட இடத்தை மனது நிரப்பிவிடும். அப்பாவைத் தெரியாத, தறி தெரியாத ஒருவரிடம் பத்து வாக்கியத்தைப் போட்டுக் காட்டி எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சொல் விட்டால் போகட்டும். வாக்கியமே விட்டால் மைக் இன்னும் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இத்தனையும் செய்து கூடத்துக்குள் எதைப் பதிவு செய்யப்போகிறீர்கள்? எல்லாவற்றையும் அங்கே எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நூல் அறுந்தால் எப்படித் தெரிகிறது, தார் தீர்வதை எப்படிக் கண்டுபிடிக்கிறார், எந்தத் தறி மக்கர் செய்யும் — கை காட்டிக்கொண்டே பேசும் இந்த விஷயங்களை ஓடும் தறிப் பக்கத்தில் எடுங்கள். சின்னச் சின்னக் கேள்விகளாக, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாக்கியம் போதும். கேள்வியைக் கத்தாமல் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி நீட்டுங்கள். உங்கள் குரல் பதிவில் குறுக்கே விழாது, அப்பாவும் காதைக் கூர்மையாக்க வேண்டியதில்லை.

எப்போது தறிக்கு வந்தார், கூலி என்ன, யார் யார் இருந்தார்கள், ஏன் மூடுகிறார்கள் என்ற நீண்ட பேச்சுக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைப் பாருங்கள். முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். அன்றைக்குத் தறி ஓடாது. அப்பா அதே தறிப் பக்கத்தில், பாவில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம். வெளியே உட்காரவைத்தபோது வராத பேச்சு அங்கே வரும் என்று நினைக்கிறேன். காலர் மைக்கே அன்றைக்குத் தாராளம்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. 1911இல் எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் கவனித்துச் சொன்னது: சத்தத்துக்கு நடுவே பேசும் மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான். உரப்பு மட்டுமல்ல, சுருதி ஏறுகிறது, உயிரொலிகள் நீள்கின்றன. அமைதியில் எடுத்த பேச்சை ஓடும் தறிக் காட்சியின் மேல் ஒட்டினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே பொய்யாகப் படுவது இதனால்தான். டப்பிங்கிலேயே வளர்ந்த நம் சினிமாவில், ரயிலில் நின்றுகொண்டு படுக்கையறைக் குரலில் பேசும் நாயகர்கள் எத்தனை பேர்! இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. பட்டறையில் தறிச் சத்தத்தை மட்டும் தனியே ஐந்து நிமிடம் எடுத்துவையுங்கள். ஓடும் காட்சிக்கு மேல் வர வேண்டிய வாக்கியங்களை வீட்டில் பதிவு செய்யும்போது அதை ஹெட்போனில் அப்பா காதுக்கு மிதமான அளவில் கொடுங்கள். குரல் தானாகவே பட்டறைக் குரலாகிவிடும், மைக்குக்குள் சத்தம் போகாது. கலக்கும்போது தறிச் சத்தம் பேச்சைவிட 20 டெசிபல் கீழே இருக்கட்டும். செவித்திறன் குறைந்தவர்களும் புரிந்துகொள்ள இணைய அணுகல் நெறிமுறைகள் சொல்லும் அளவு அது.

பட்டறையில் யாராவது காதடைப்பான் போட்டிருந்தால், அவர்கள் குரல் சில டெசிபல் தணிந்திருக்கும். அடைத்த காதில் சொந்தக் குரல் பெரிதாகக் கேட்பதும் சத்தம் குறைவாகக் கேட்பதும்தான் காரணம். கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்லுங்கள். பதிவுக்காக அதைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

பேச்சே வேண்டாத காட்சிகளும் அங்கே இருக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் பெண்கள் சத்தத்தோடு போராடாமல் உதட்டை மிகையாக அசைத்தும் கையசைத்தும் பேசிக்கொண்டார்கள். அதற்கு ‘மீ-மா’ என்று ஒரு பெயரே உண்டு. உங்கள் பட்டறையில் கூடம் கடந்து பேச என்ன சைகைகள் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘தார் கொண்டா’, ‘முதலாளி வர்றார்’, ‘டீ வந்தாச்சு’. அவற்றைத் தறிச் சத்தத்தோடு அப்படியே எடுத்து, கீழே எழுத்தில் போடுங்கள். படத்தின் மிக நல்ல பகுதி அதுவாகவே இருக்கலாம்.

உங்கள் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனமான நயோஷ் 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான வரம்பு என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம். நம் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை அனுமதிக்கின்றன. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் அப்பாவின் காது அந்த வரம்பை என்றோ தாண்டிவிட்டது. நுரையாலான காதடைப்பான் மருந்துக் கடையில் கிடைக்கும், கேமராவுக்குப் பின்னால் நிற்கும் நேரமெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறைக்குள் ஹெட்போனில் சத்தத்தை ஏற்றி வைத்துப் பதிவைச் சரிபார்க்க வேண்டாம், வாசலுக்கு வந்து கேளுங்கள்.

அப்பாவின் காது மந்தத்துக்கு இதுவரை பரிசோதனை செய்யவில்லை என்றால், அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டு ஆடியோகிராம் ஒன்று எடுத்துவிடுங்கள். இரைச்சலால் கெடும் காது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் பழுதாகும். வரைபடத்தில் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். மெய்யொலிகளின் கூர்மையெல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பதால்தான் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, ஆனால் விளங்குவதில்லை. இரண்டாம் தடவை கத்தினாலும் அது சரியாகாது. கேட்புக்கருவி உதவுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். அந்த வரைபடத்தைப் படத்தில் காட்டலாமா என்பதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.